நேராக்கி ஜனின்

ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பிளாஸ்ரிக் அடிமட்டத்தைக் கணினித் திரையின் மேல் செங்குத்தாக நிறுத்திப் பார்க்கிறார் ஜனின். “மூண்டாவது கோடு சரிஞ்சு நிக்கிது” என்கிறார். மேசைக்கு இந்தப் பக்கம் நிற்கும் கோயில் செயலாளர் கழுத்தை நீட்டிப் பார்க்கிறார். அவருக்கு எல்லாக் கோடும் நேராகத்தான் தெரிகிறது. “பரவாயில்ல மிஸ், ஆர் பார்க்கப் போறா?” என்கிறார். “நான் பார்த்திட்டனே” என்கிறார் ஜனின். அதற்குப் பிறகு பேச்சுக்கு இடமில்லை. செயலாளர் கதிரையை இழுத்து உட்காருகிறார்.

புளியந்தீவில், வாவிக்கரை வீதியிலிருந்து உள்ளே திரும்பும் ஒழுங்கையில், வீட்டின் முன்னறையைத் தெருப்பக்கம் திறந்துவிட்டு நடத்தும் கடை அது. பலகையில் ‘கொம்யூனிகேசன்’ என்று இருக்கிறது. தொலைபேசிக் கூண்டு போய் எத்தனையோ காலமாகிறது; பலகையை மாற்ற ஜனினுக்கு நேரம் கிடைக்கவில்லை. போட்டோக் கொப்பி, தட்டச்சு, அச்சு, அதிலும் விசேடமாக அட்டவணை. மட்டக்களப்பில் நாலு பேர் கூடிச் சங்கம் வைத்தால் முதலில் ஒரு தலைவர் வருவார், பிறகு ஒரு செயலாளர் வருவார், மூன்றாவதாக ஓர் அட்டவணை வரும். பாடசாலை நேரசூசி, திருவிழா உபயகாரர் வரிசை, மரணாதார சங்கத்து உறுப்பினர் பட்டியல், மாதா கோயிலில் எந்த ஞாயிறு யார் வாசகம் வாசிப்பது என்ற ஒழுங்கு, எல்லாம் கடைசியில் இந்த மேசைக்குத்தான் வந்து சேரும்.

ஜனின் பல்தசாருக்கு ஐம்பத்திரண்டு வயது. போர்த்துக்கேயர் வழிவந்த நகரத்துப் பறங்கியர் குடும்பம். கணவர் ஏர்ல் படகு எஞ்சின் திருத்துகிறவர். அவர் கையில் கிறீஸ், இவர் கையில் அச்சுப்பொறியின் கருந்தூள். ஆகவே வீட்டில் வெள்ளைத் துவாய் என்ற பேச்சே கிடையாது. மனிதரை ஏசத் தமிழ், வங்கிக்குக் கடிதம் எழுத ஆங்கிலம், கணினியை ஏசுவதற்கு மட்டும் தாய் வழியில் வந்த பறங்கி மொழி. “அதுக்கு விளங்கப்படாது” என்று காரணம் சொல்வார்.

கணினி என்று நாங்கள் மரியாதைக்குச் சொல்கிறோம். வெளிநாட்டில் எங்கோ ஓர் அலுவலகம் கழித்துவிட்ட பெட்டி அது. பெரிய செயலிகள் எதுவும் அதில் ஓடாது. வெறும் எழுத்தை மட்டும் எழுதி வைக்கும் ஓர் எடிட்டர்தான் ஓடும். அந்த எடிட்டருக்கு மேலதிகமாக ஒரு நீட்சியைப் பூட்டியிருக்கிறார் ஜனின். எடிட்டர் சைக்கிள் என்றால் நீட்சி பின்னால் பூட்டும் கரியர். இந்த நீட்சியின் வேலை ஒன்றே ஒன்று: அட்டவணையின் பத்திகளை வேண்டிய இடைவெளி விட்டு நேராக நிறுத்துவது. அதன் சொந்தப் பெயர் ஏதோ ஓர் ஐரோப்பிய மொழிச் சொல். ஜனின் அதற்கு ‘நேராக்கி’ என்று பெயர் வைத்தார். இன்று ஓட்டமாவடி வரைக்கும் அதுதான் பெயர்.

நேராக்கி ஒரு கம்பனியின் சரக்கு அல்ல. அதன் நிரல் முழுவதும் இணையத்தில் திறந்தே கிடக்கிறது. விரும்பியவர் எடுத்துப் பாவிக்கலாம். பிழை கண்டவர் திருத்தி அனுப்பலாம். அந்தத் திருத்தத்தைச் சேர்ப்பதா விடுவதா என்று பொறுப்பாளர் பார்த்துச் சொல்வார். பொறுப்பாளர் பெயர் இவோ. ஏதோ ஒரு குளிர் நாட்டில் இருக்கிறார். ஜனின் அவருடைய முகத்தைக் கண்டதில்லை, குரலைக் கேட்டதில்லை. ஆனால் வாடிக்கையாளரிடம் பேசும்போது “எங்கட இவோ” என்றுதான் சொல்வார். கேட்பவர்கள் அவரை ஏர்லின் சொந்தக்காரர் என்று நினைத்துக்கொள்வார்கள்.

இந்தச் சொந்தம் தொடங்கியது ஒரு கோணலில். நேராக்கி ஆங்கிலத்தை அழகாக நிறுத்தும். தமிழைக் கண்டால் தடுமாறிவிடும். ஓர் எழுத்தின் கொம்பையும் காலையும் தனித்தனி ஆளாக எண்ணி, அத்தனை பேருக்கும் இடம் ஒதுக்கிவிடும். ஆகவே தமிழ் அட்டவணையின் கோடுகள் கள்ளுக் குடித்தவை போல நின்றன. வேறொருவர் என்றால் தலைவிதி என்று விட்டிருப்பார். ஜனின், வினாத்தாள் அச்சடிக்க வந்த ஷிஹானைப் பிடித்து உட்கார வைத்தார். ஷிஹான் ஓட்டமாவடியில் கணினி வகுப்பு நடத்துகிறவன். “இதுட உள்ளுக்குப் போய்ப் பார்க்க ஏலாதா மனே?” என்று கேட்டார். “ஏலும் அன்ரி, திறந்துதான் இரிக்கி” என்றான் ஷிஹான். “திறந்து கிடந்தா வாசிக்கத்தானே வேணும். ஆர் ஏசப் போறா?”

வாசித்தார். பகல் இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் இடையில், வெயிலுக்குப் பயந்து ஒழுங்கையில் நாய்கூட நடக்காத நேரத்தில், நாற்பது நாள் வாசித்தார். விளங்காத இடங்களைப் பென்சிலால் எழுதி வைத்து ஷிஹானிடம் கேட்டார். பிறகு தமிழின் இருநூற்று நாற்பத்தேழு எழுத்துகளையும் திரையில் ஒவ்வொன்றாகப் போட்டு, அடிமட்டத்தால் அளந்து, எழுத்துக்கு ஒரு வரியாக இருநூற்று நாற்பத்தேழு வரி எழுதி அனுப்பினார். இவோவின் மறுமொழி மூன்றாம் நாள் வந்தது. ‘நான் கண்ட தவறுகளில் மிக அழகானது இது. இதையே பத்து வரிக்குள் செய்யலாம். சேர்ந்து செய்வோமா?’

சேர்ந்து செய்தார்கள். இவோ எழுதுவார், ஜனின் அட்டவணை போட்டுப் பார்த்து, அடிமட்டம் வைத்து, சரிகிறது என்பார், எங்கே ஏன் சரிகிறது என்பதை ஷிஹான் நிரலின் மொழியில் விளக்குவான், இவோ திரும்ப எழுதுவார். இரண்டு கிழமையில் ஒன்பது வரியில் தமிழ் நேராக நின்றது. ஜனினுக்குச் சந்தோசம்தான், ஆனாலும் மனம் கேட்கவில்லை. “இருநூத்தி நாப்பத்தேழு பேர் செய்த வேலைய ஒம்பது பேர் செய்றாங்க. மத்தவங்க என்ன பாவம் செய்தவங்க?” என்று ஏர்லிடம் கேட்டார். ஏர்லுக்கு யாரைப் பற்றிப் பேச்சு என்றே விளங்கவில்லை. “பாவம்தான்” என்றார்.

இவோவுக்கு ஜனின் எழுதும் ஆங்கிலத்தைத் தமிழில் தந்தால் இப்படி இருக்கும்: ‘மேற்படி விடயம் தொடர்பாகத் தங்களின் மேலான கவனத்திற்குப் பணிவுடன் அறியத்தருவது யாதெனில், பதினேழாம் வரியில் ஓர் அரைப்புள்ளி விடுபட்டுள்ளது.’ கீழே ‘இங்ஙனம், தங்கள் உண்மையுள்ள’ என்று முழுப் பெயரும் இருக்கும். முப்பது வருடமாக மாவட்டக் கச்சேரிக்கும் கல்வித் திணைக்களத்துக்கும் கடிதம் தட்டிய கை. அதற்கு வேறு நடை தெரியாது. வெறும் இவோ என்று எழுதினால் போதும் என்று அவர் கெஞ்சிக் கேட்டுப் பார்த்தார். அன்றிலிருந்து ‘மதிப்புக்குரிய இவோ’ ஆனது. அதற்குக் கீழே ஜனின் இறங்கவில்லை.

யாராவது கடைக்கு வந்து நேராக்கியைக் கண்டு ஆசைப்பட்டால், அதை இணையத்திலிருந்து இறக்கச் சொல்லமாட்டார் ஜனின். “ஏன் சும்மா டேட்டாவைக் கரைக்கிறீங்க, இந்தாங்க” என்று பென் டிரைவில் போட்டுக் கொடுத்துவிடுவார். வாங்கியவர் பக்கத்துக் கந்தோருக்குக் கொடுப்பார். அங்கிருந்து அது இன்னொரு ஊருக்குப் போகும். முருங்கைத் தடி வேலிக்கு வேலி போவது போல நேராக்கி வாவியைச் சுற்றிவந்தது. எல்லா இடத்திலும் கணினிகள் ஜனினுடையதைப் போலக் கிழட்டுப் பெட்டிகள்தான். அவற்றில் ஓடுவதற்கென்று நேராக்கியின் நிரலில் தனியாக ஒரு பகுதி இருந்தது. இவோவும் மற்றவர்களும் அதைப் ‘பழைய வழி’ என்பார்கள்.

உன்னிச்சையில் சிறுபோகத்துக்குக் குளத்துத் தண்ணீரை முறை வைத்துத்தான் திறப்பார்கள். எந்த வட்டை வயல்களுக்கு எந்த நாள், எந்த வாய்க்காலுக்கு எத்தனை மணித்தியாலம் என்று தண்ணீருக்குப் பொறுப்பான வட்டவிதானை வீரகத்தி ஓர் அட்டவணை ஒட்டுவார். அதில் ஒரு பத்தி சரிந்து, வியாழன் போய் வெள்ளிக்குக் கீழே நின்றால் வரம்பில் மண்வெட்டி உயரும். மாங்கேணியில் எந்தக் கரைவலை எந்த நாள் கடலில் விழுவது என்பதற்கு ஒரு முறை உண்டு. அதைக் கடற்றொழிலாளர் சங்கச் செயலாளர் வசந்தாதேவி அட்டவணையாக வைத்திருக்கிறார். ஷிஹானின் வகுப்பில் பன்னிரண்டு பெட்டிகள். எல்லாவற்றிலும் நேராக்கி, எல்லாவற்றிலும் பழைய வழி.

பங்குனி முடிகிற நேரம், இவோ பொதுவில் ஓர் அறிவித்தல் போட்டார். ‘அடுத்த பதிப்பில் பழைய வழியை நீக்க எண்ணுகிறேன். அதைப் பராமரிப்பது பெரிய சுமை. கடந்த ஒரு வருடத்தில் அதைப் பதிவிறக்கியவர்கள் மூன்று பேர். ஆட்சேபம் இருப்பின் பதினான்கு நாட்களுக்குள் சொல்லவும்.’

ஜனின் அதை மூன்று தரம் வாசித்தார். பிறகு ஷிஹானுக்குத் தொலைபேசி எடுத்தார். “மனே, அந்த மூண்டு பேரும் நான்தான்.”

உண்மைதான். ஒரு தரம் கடைக்கு இறக்கினார். கடைக் கணினியின் வன்தட்டு செத்தபோது மறுபடி இறக்கினார். எப்படி இறக்குவது என்று ஷிஹானின் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு தரம். மற்ற அத்தனையும் பென் டிரைவ். வாவியைச் சுற்றி இத்தனை பெட்டிகளில் நேராக்கி ஓடுகிறது. இவோவின் எண்ணிக்கையில் ஒன்றுகூட இல்லை. ஜனினுக்குக் கோபம் இவோ மேல் வரவில்லை. உபகாரம் என்று நினைத்துத் தான் செய்த வேலைதான் இத்தனை பேரையும் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கிவிட்டது என்பது விளங்க, தன்மேல்தான் வந்தது.

“இப்ப இரிக்கிறது இரிக்கும்தானே அன்ரி, அத ஆரும் பறிக்க மாட்டாங்க” என்றான் ஷிஹான். இருக்கும்தான். ஆனால் வளராது. போன வருடம் வீரகத்தியின் நானூறு வரி அட்டவணை திறக்க அரைமணி நேரம் எடுத்தது. இவோவின் நாட்டுக்காரர் யாரோ ஒருவர் தன் தேவைக்குச் செய்த திருத்தம் பழைய வழியிலும் சேர்ந்ததால் அது ஒரு நிமிடமானது. இனி அப்படி ஒன்றும் வந்து சேராது. யாரோ எங்கோ திருத்த, அது உன்னிச்சை வரைக்கும் வரும் பாதை மூடப்படும். ஜனினுக்குப் பயம் அதுதான்.

ஆட்சேபம் என்றதும் ஜனினின் கை, பழக்கதோசத்தில், மகஜருக்குப் போனது. இந்த மாவட்டத்தில் பாலம் உடைந்தாலும் மகஜர், பஸ் நின்றாலும் மகஜர். ஒரே வாசகம், கீழே இலக்கமிட்டுப் பெயர்கள். எத்தனை பெயரோ அத்தனை பலம். ‘மேற்படி நீட்சியைப் பயன்படுத்தி வரும் மட்டக்களப்பு வாவிப் பிரதேச மக்களாகிய நாங்கள்’ என்று தொடங்கி ஒரு பக்கம் தட்டினார். சனிக்கிழமை காலை ஊர் திரண்டு கடைக்கு வந்தது. நாற்பத்து மூன்று பேர். ஷிஹான் ஒவ்வொருவருக்கும் நேராக்கியின் நிரல் கிடக்கும் இணையத்தளத்தில் ஒரு கணக்குத் திறந்து, ஒவ்வொருவர் பெயரிலும் அதே வாசகத்தை எழுத்துப் பிசகாமல் போட்டு, தலைப்பில் ஒன்று முதல் நாற்பத்து மூன்று வரை இலக்கமும் இட்டான். வீரகத்தி தன் அடையாள அட்டை இலக்கத்தையும் போடச் சொல்லிப் பிடிவாதம் பிடித்தார். அதை மட்டும் ஷிஹான் தடுத்துவிட்டான். ஏர்ல் எல்லாருக்கும் பிளேன்ரீ ஊற்றினார். கல்யாண வீட்டுக் கலகலப்போடு பன்னிரண்டு மணிக்குக் காரியம் முடிந்தது.

இரண்டு மணிக்குப் பார்த்தால் ஒன்றையும் காணவில்லை. நாற்பத்து மூன்று கணக்கும் அழிந்து, ஜனினின் கணக்கும் முடக்கப்பட்டிருந்தது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்துவிட்டது. காரணம் என்ற இடத்தில், ‘சந்தேகத்துக்கிடமான தானியங்கிச் செயற்பாடு’ என்று எழுதியிருந்தது. ஒரே இடத்திலிருந்து, ஒரே காலையில், ஒரே வாசகத்தை நாற்பத்து மூன்று முறை, இலக்கமும் போட்டு, மனிதர்கள் எழுதமாட்டார்கள் என்று அந்தத் தளத்தின் காவல் நிரலுக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அந்த யாரோ மட்டக்களப்புக்கு வந்ததில்லை.

செய்தி கேட்டு வீரகத்தி தொலைபேசி எடுத்தார். “அப்ப நாங்க ஆளில்லயாமோ புள்ள? வலையிறவுப் பாலம் தாண்டி பஸ்ஸேறி வந்தவன் நான்.” இவோவோ, பெட்டி நிரம்பிய நாற்பத்து மூன்று மின்னஞ்சல்களைக் கண்டு மிரண்டு, அந்த உரையாடலையே மூடிவிட்டிருந்தார். கடைசியாக ஒரு வரி மட்டும் எழுதியிருந்தார். ‘இவர்களில் உண்மையான ஆட்கள் இருந்தால் மன்னிக்கவும். எனக்கு வேறுபடுத்தத் தெரியவில்லை.’ ஜனினால் அதை வாசிக்க முடிந்தது. கணக்கு முடங்கியிருந்ததால் மறுமொழி எழுத முடியவில்லை. ஐந்து வருடம் சேர்ந்து வேலை செய்தவருக்கு, நான் இருக்கிறேன் என்று சொல்ல வழியில்லாமல் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். அன்று பறங்கி மொழியில்கூட ஏசவில்லை என்று ஏர்ல் பிறகு கவலையோடு சொன்னார்.

முறையீட்டுக் கடிதம் எழுதுவதில் ஜனினை யாரும் விஞ்ச முடியாது. பதினோராம் நாள் கணக்கு திரும்பக் கிடைத்தது. மிஞ்சியிருந்தது மூன்று நாள். ஷிஹான் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். “அன்ரி, நாம பிரிஞ்சு போவம். முழு நிரலையும் படியெடுத்து, வேற பேரு வெச்சு, நாமளே நடத்துவம். சட்டத்தில இடமிரிக்கி. எத்தனையோ பேர் செய்றாங்க” என்றான். ஜனின் தலையாட்டிக் கேட்டார். பிறகு சொன்னார்: “தனிக்குடித்தனம் போறது லேசு மனே. மறுகா கூரை ஒழுகினா ஆர் ஏறுற? நீயும் நானும்தான். உனக்கு வகுப்பு, எனக்குக் கடை. மூண்டு மாசத்தில ரெண்டு பேரும் களைச்சிருவம்.” ஷிஹானுக்கும் அது தெரியும்.

அந்த நேரம் பார்த்து ஒருவர் கடைக்குள் வந்து, போன கிழமை அடித்த நோட்டீசில் திகதி பிழை என்று சத்தம் போட்டார். ஜனின் திரும்பாமலே, “வாய்க்கதை வேணாம், கடதாசியக் காட்டுங்க” என்றார். ஆயிரம் வாடிக்கையாளரிடம் சொல்லிப் பழகிய வசனம். இந்த முறை அது அவருடைய காதிலேயே விழுந்தது. வந்தவரை மறந்து ஷிஹானைப் பார்த்தார். “நாமளும் வாய்க்கதைதானே மனே அனுப்பினம். நாப்பத்தி மூண்டு வாய்க்கதை.”

நேராக்கியின் நிரலோடு ஒரு கோப்புறை உண்டு. அதற்குள் சில மாதிரி அட்டவணைகள் இருக்கும். யார் எந்த மாற்றம் அனுப்பினாலும் அந்த மாதிரிகள் முதலில் ஒரு தரம் தானாக வரையப்படும். எல்லாம் நேராக வந்தால் பச்சை. ஒன்று சரிந்தாலும் சிவப்பு. அங்கே கிடந்தவை எல்லாம் இவோ விளையாட்டாக எழுதியவை: அப்பிள் மூன்று, தோடம்பழம் ஐந்து. பழைய வழிக்கென்று ஒரு மாதிரிகூட இல்லை. ஆகவே பழைய வழியை வெட்டி எறிந்தாலும் எங்கும் சிவப்பு விழாது. வலிக்காத இடத்தில்தான் கத்தி வைக்கிறார்கள் என்பது ஜனினுக்கு அப்போதுதான் விளங்கியது.

இரண்டு நாள் வேலை. உன்னிச்சையின் தண்ணீர் முறை நானூறு வரியும் அந்தக் கோப்புறைக்குள் மாதிரியாகப் போனது. பெயர்களை மறைத்துவிடலாமா என்று ஜனின் கேட்க, “என்னத்துக்கு மறைக்கிற? என்ட பேர முதலெழுத்தோட போடு புள்ள” என்றார் வீரகத்தி. மாங்கேணியின் கரைவலை முறையை வசந்தாதேவி தொலைபேசியில் வாசிக்க வாசிக்க ஜனின் சரிபார்த்தார். மூன்றாவதாக ஓட்டமாவடியிலிருந்து பொலன்னறுவைக்குப் போகும் பஸ்களின் நேரம். ஷிஹான் நிலையத்துக்குப் போய்ப் படம் எடுத்து வந்தான். மூன்றையும் பழைய வழியில் ஓட்டி, சரியாக வரும் வடிவத்தைப் பக்கத்தில் வைத்து, ஒரு மாற்றமாகக் கட்டினார்கள். அதோடு அனுப்பும் குறிப்பை ஜனின் மூன்றே வரியில் எழுதினார். ‘இவை எங்கள் கடதாசிகள். எங்கள் ஊர்க் கணினிகளில் இவை பழைய வழியில்தான் வரும். அதை நீக்கிவிட்டு இவற்றை ஓட்டிப் பாருங்கள்.’

ஷிஹான் வாசித்துவிட்டுத் தயங்கினான். “‘பணிவுடன்’ ஒண்டையும் காணல்லயே அன்ரி?”

“பணிவெல்லாம் அந்தச் சனிக்கிழமையோட முடிஞ்சு” என்றார் ஜனின்.

கடைசி நாள் பின்னேரம் இவோ எழுதினார். பழைய வழியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ‘இரண்டாவது அட்டவணையில் பதினான்காம் வரியில் ஒரே நாளுக்கு இரண்டு பெயர்கள் இருக்கின்றன. இது பிழையா?’ ஜனின் மாங்கேணிக்குத் தொலைபேசி எடுத்தார். “பிழையில்ல ஜனின் அக்கா, அது அண்ணன் தம்பி. வலை ஒண்டுதான்” என்றார் வசந்தாதேவி. ஜனின் அப்படியே எழுதினார். அடுத்த கேள்வி வந்தது. ‘முதலாவதில் ஒரு வாய்க்காலுக்கு மட்டும் ஏன் இரண்டு மணித்தியாலம் கூட?’ வீரகத்தியிடம் கேட்டால், “அது மேட்டு வாய்க்கால் புள்ள, தண்ணி ஏற நேரம் எடுக்கும்” என்றார். அதையும் எழுதினார். இப்படி ஏழு கேள்விகள். ஒன்றுகூட நிரலைப் பற்றியது இல்லை. ஒருவர் உட்கார்ந்து வரி வரியாக வாசிக்கிறார். உன்னிச்சையின் மேட்டு வாய்க்கால்வரை வந்துவிட்டார்.

பிறகு இவோ பழைய வழியை நீக்கிவிட்டு ஓட்டிப் பார்த்தார். மூன்றும் சிவப்பு. ‘எத்தனை கணினிகள்?’ என்று கேட்டார். ஜனின் ஊர் ஊராக எண்ணிப் பார்த்து அறுபத்து நான்கு என்று எழுதி, பென் டிரைவ் கதையையும் மறைக்காமல் சொன்னார். ‘என் எண்ணிக்கையைக் கெடுத்தவர் நீங்கள்தானா’ என்று வந்தது பதில். அதன் கீழேயே தீர்ப்பும் இருந்தது. பழைய வழி நிற்கும். ஆனால் அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். ஜனினும் ஷிஹானும் அதன் காவலர்கள். இனிமேல் பழைய வழியைத் தொடும் எந்த மாற்றமும், யார் அனுப்பினாலும், அவர்களில் ஒருவர் சம்மதிக்காமல் உள்ளே போகாது.

ஷிஹான் வகுப்பில் எல்லாருக்கும் பலூடா வாங்கிக் கொடுத்தான். வீரகத்தி ஒரு சாக்குப் பச்சரிசி அனுப்பினார். ஜனினுக்கு மட்டும் அன்றிரவு நித்திரை வரவில்லை. அவருக்கு ‘இல்லை’ என்று சொல்ல வராது. கடைக்கு வரும் யாரிடமும் முடியாது என்று சொன்னதில்லை; “நாளைக்கு வாங்க” என்பார். அதிகம் போனால் “நாளண்டைக்கு.” மறுக்கும் வேலைக்குத் தன்னைப் போய்த் தெரிந்தெடுத்தார்களே என்று ஏர்லிடம் புலம்பினார். “ஆராவது பிழையா அனுப்பினாத்தானே மறுக்கோணும்? அவங்கெல்லாம் படிச்ச ஆக்கள்” என்று ஏர்ல் தேற்றினார்.

ஆறு கிழமை கழிந்தது. உன்னிச்சையில் தண்ணீர் திறந்து, வட்டைகளில் பயிர் முழங்கால் உயரம் வந்துவிட்டது. ஒரு செவ்வாய்க்கிழமை பகல், ஜனினின் சம்மதம் கேட்டு முதலாவது மாற்றம் வந்தது. அனுப்பியவர் பெயரைப் பார்த்து ஜனின் நிமிர்ந்து உட்கார்ந்தார். இவோ. ‘சிறிய துப்புரவு வேலைதான். நாளை விடுமுறையில் போகிறேன். இன்றே சம்மதம் தந்தால் நல்லது’ என்று எழுதியிருந்தார். அப்பிளும் தோடம்பழமும் பச்சை. கரைவலை பச்சை, பஸ் நேரம் பச்சை. தண்ணீர் முறை மட்டும் சிவப்பு. இருநூற்றுப் பன்னிரண்டாம் வரிக்குப் பிறகு வியாழன் முழுவதும் ஒரு பத்தி தள்ளி, வெள்ளிக்குக் கீழே போய் நின்றது.

ஷிஹானுக்குத் தொலைபேசி எடுத்தார். அவன் வகுப்பில் நின்றான். “இவோதானே அன்ரி, விடுங்க. வந்து திருத்துவார். அவருக்கே எப்பிடி மறுக்கிற?” என்றான். பிறகு அவனே, “நீங்க சொல்றதுதான் அன்ரி” என்று வைத்துவிட்டான்.

பிறப்புச் சான்றிதழைப் படியெடுக்க ஒரு பெண் வந்து மேசையருகில் நின்றாள். “கொஞ்சம் பொறுங்க மகள், முதல் வந்தவர அனுப்பிப்போட்டு வாறன்” என்றார் ஜனின். அந்தப் பெண் திரும்பி வாசலைப் பார்த்தாள். அங்கே ஒருவரும் இல்லை.

ஜனின் மாற்றத்தை மறுபடியும் ஓட்டினார். மறுபடியும் சிவப்பு. கீழே உள்ள பெட்டியில் ஒரு வரி எழுதினார்: ‘வியாழக்கிழமைக்காரரின் தண்ணீர் வெள்ளிக்கிழமைக்காரருக்குப் போகிறது.’ கைகளைப் பாவாடையில் துடைத்துக்கொண்டார். பிறகு ‘ஏற்கவில்லை’ என்ற பொத்தானின் மேல் அம்பைக் கொண்டுபோய் நிறுத்தி, இலேசாகத் தொட்டால் போதாது என்று நினைத்தவரைப் போல, சுட்டியை அழுத்தி, மறுப்புத் திரையில் பதிவான பிறகும் விரலை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தார்.